காந்தம் கையில் இருக்கும்போது குளிர் அணு எதற்கு?

கோத்தகிரிப் பக்கம் இருந்து இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பவை மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். டிஸ்ப்ரோசியம், எர்பியம் மாதிரி காந்தத்தன்மை மிகுந்த அணுக்களை நானோகெல்வின் (ஒரு கெல்வினில் நூறு கோடியில் ஒரு பங்கு) வரை குளிர வைத்துக் காந்தத்தைப் போல நடக்க வைக்கிறார்களே, காந்தமே கையில் இருக்கும்போது அது எதற்கு? கணினியில் போட்டுப் பார்த்தால் போதாதா? ஊட்டியில் தை மாதம் புல்மேல் உறைபனி படிகிறதே, அந்தக் குளிரை வைத்து இங்கேயே ஓர் ஆய்வகம் போட முடியாதா? ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒரு பொருளைச் சோதித்துவிட்டு வேறொரு பொருளைப் பற்றி எப்படிப் பேச முடியும் என்று. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். மற்ற மூன்றும் அதன் கிளைகள். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் எர்பியம் வாயுவை வைத்து முனைவர் பட்டத்துக்கு வேலை பார்த்தவன். இப்போது குன்னூரில் இருந்துகொண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்குக் குவாண்டம் இயற்பியல் சொல்லித் தருகிறேன். லேசர், வெற்றிடக் குழாய், செப்புச் சுருள் இவற்றோடு மல்லுக்கட்டியவன். கோட்பாட்டு ஆள் கிடையாது. மூலக்கூறுகளை வைத்துச் செய்யும் சோதனைகளைப் பற்றிக் கீழே சொல்வது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தும், அந்த ஆட்களோடு பேசியும் தெரிந்துகொண்டது. அதற்கேற்ற எடையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரம் கட்டிவிடலாம். குளிர் வாயுக்காரர்கள் உங்கள் கையில் இருக்கும் இரும்புக் காந்தத்தை நகல் எடுப்பதில்லை. எடுக்கவும் முடியாது. இரும்பு காந்தமாக இருப்பதற்குக் காரணம் அதன் அணுக்கள் குட்டிக் காந்தங்களாக ஒன்றையொன்று இழுத்துக்கொள்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரும்பில் ஓர் அணுவின் காந்தத் திருப்புத்திறன் சுமார் 2 போர் மேக்னட்டான் (அணுக்காந்தத்தின் வலிமையை அளக்கும் அலகு), பக்கத்து அணு சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தள்ளி இருக்கிறது. இரண்டும் குட்டிக் காந்தங்களாக ஒன்றையொன்று பாதிக்கும் ஆற்றலை, அதாவது இருமுனை ஆற்றலை, வெப்பநிலையாக மாற்றினால் ஒரு கெல்வின்கூட வராது, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரும்போ 1043 கெல்வின் வரை காந்தத்தன்மையைக் காப்பாற்றிக்கொள்கிறது. அந்த வலிமை எலெக்ட்ரான்களின் மின் விலக்கலும், ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற பௌலி விதியும் சேர்ந்து உண்டாக்கும் பரிமாற்ற இடைவினையிலிருந்து வருகிறது. காந்த இருமுனை விசைக்கு அங்கே சில்லறை வேலைதான்.

அந்தச் சில்லறை விசையே முதலாளியாக இருக்கும் பொருள்களும் உண்டு. லித்தியம் ஹோல்மியம் ஃபுளோரைடு 1.53 கெல்வினுக்குக் கீழே இருமுனை விசையாலேயே ஃபெரோகாந்தமாகிறது, அதாவது அதன் குட்டிக் காந்தங்கள் ஒரே பக்கம் திரும்பி நிற்கின்றன. டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்டில் ஸ்பின்கள் (அணுக்களின் குட்டிக் காந்த அம்புகள்) பனிக்கட்டியில் ஹைட்ரஜன்கள் அமரும் விதியையே பின்பற்றிக் குழம்பி நிற்கின்றன, அதனால் அதற்கு ‘ஸ்பின் ஐஸ்’ என்றே பெயர். குளிர் வாயுவில் பயன்படும் அதே டிஸ்ப்ரோசியம்தான், படிகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆக இருமுனை காந்தவியல் என்பது ஆய்வகத்துக்காகக் கற்பித்துக்கொண்ட விஷயமில்லை.

சரி, அப்படியானால் வாயு எதைப் போலச் செய்கிறது? ஒரு மாதிரியை, அதாவது பொருளை எளிமையாக்கி எழுதிய ஒரு கணித வடிவத்தை. ஜெர்மன் இயற்பியலாளர் லென்ஸ் 1920-இல் ஒரு யோசனையை முன்வைத்து, பிறகு அதைத் தன் மாணவர் ஐசிங்குக்குக் கணக்காகக் கொடுத்தார்: வரிசையாக அம்புகள், ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே, பக்கத்து அம்போடு ஒத்துப்போனால் ஆற்றல் குறையும். 1928-இல் ஹைசன்பர்க் அதே யோசனையை எந்தத் திசையிலும் திரும்பக்கூடிய குவாண்டம் ஸ்பின்களுக்கு எழுதினார். ஐசிங் மாதிரியின் இரு பரிமாண வடிவத்துக்கு 1944-இல் ஆன்சாகர் தீர்வு கண்டார். உலகத்தில் எந்தப் படிகமும் இந்தச் சமன்பாடுகளுக்கு அப்படியே கீழ்ப்படிவதில்லை. ஆனாலும் காந்தத்தைப் பற்றி நாம் புரிந்துகொண்டதில் பெரும்பகுதி இவற்றின் வழியாக வந்தது. பொருளுக்கும் நமக்கும் நடுவில் எப்போதுமே ஒரு மாதிரி நிற்கிறது. படிகத்தில் சோதனை செய்பவரும் ‘இந்தப் பொருளுக்கு இந்த ஹாமில்டோனியன் (அமைப்பின் ஆற்றலைச் சொல்லும் சமன்பாடு) பொருந்துகிறதா’ என்றுதான் பார்க்கிறார். சில பொருள்களுக்கு எந்த ஹாமில்டோனியன் என்பதிலேயே முப்பது நாற்பது ஆண்டுகளாக வழக்கு ஓடுகிறது. செம்பு ஆக்சைடு மீகடத்திகள் அப்படி.

குளிர் வாயுவில் நிலைமை தலைகீழ். அங்கே ஹாமில்டோனியன் கிட்டத்தட்ட முழுவதும் தெரியும். அணுவின் காந்தத் திருப்புத்திறன் தெரியும், அணுக்களுக்கு இடையிலான தொலைவு லேசரின் அலைநீளத்தால் நிர்ணயிக்கப்பட்டது, வெளிக்காந்தப்புலம் நாம் கொடுத்தது. தெரியாதது விடைதான். அணை கட்டுவதற்கு முன்பு மதகுக்குக் கீழே நீர் எப்படிச் சுழலும் என்று பார்க்கப் பொறியாளர்கள் சிறிய அளவில் ஓர் அணையைக் கட்டி உண்மைத் தண்ணீரையே விடுவார்கள்; பூண்டியில் இருக்கும் நீரியல் ஆய்வு நிலையத்தின் வேலையே அதுதான். தண்ணீர் சமன்பாட்டைத் தீர்ப்பதில்லை, அதன்படி ஓடுகிறது, அவ்வளவுதான். குளிர் அணுக்களும் அப்படியே. ஒரு வித்தியாசம்: இங்கே மாதிரி நிஜத்தைவிடப் பெரியது. படிகத்தில் சில ஆங்ஸ்ட்ராம் இருந்த இடைவெளி, லேசர் கட்டத்தில், அதாவது லேசர் ஒளி அணுக்களைப் பிடிக்க உண்டாக்கும் குழிகளின் அடுக்கில், அரை மைக்ரானாக விரிகிறது. அதனால் நிகழ்வுகள் மெதுவாகின்றன. படிகத்தில் பிக்கோ விநாடியில் முடிந்துபோகும் விஷயத்தை இங்கே மில்லிவிநாடிக் கணக்கில் நின்று பார்க்கலாம். மைக்ராஸ்கோப் வைத்து ஒவ்வோர் அணுவாகவும் பார்க்கலாம்.

அடுத்து, கணினி ஏன் போதாது என்பது. ஸ்பின்-அரை துகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. நாற்பது துகள் என்றால் குவாண்டம் நிலையை முழுமையாக எழுத 2-இன் 40-ஆம் அடுக்கு எண்கள் வேண்டும்; அது ஒரு லட்சம் கோடிக்கு மேல், நினைவகத்தில் 17 டெராபைட்டைத் தாண்டும். ஐம்பது துகளுக்கு அதைப்போல ஆயிரம் மடங்கு. முந்நூறுக்குப் போனால் நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களின் எண்ணிக்கையையே மிஞ்சிவிடும். இது ஸ்பின்-அரைக்குத்தான். குரோமியம் ஸ்பின்-3, அதாவது ஒவ்வோர் அணுவுக்கும் ஏழு நிலை. பதினைந்து குரோமியம் அணுக்களே அந்த நாற்பது ஸ்பின்களைத் தாண்டிவிடுகின்றன. இயற்கை குவாண்டமாக இருப்பதால் அதைப் போலச் செய்யும் கருவியும் குவாண்டமாக இருந்தால் நல்லது என்று ஃபைன்மன் 1981-இல் பேசியது இந்த அடிப்படையில்தான்.

ஆனால் இந்த 2-இன் அடுக்குக் கணக்கை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குபவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். எல்லா எண்களும் எப்போதும் தேவைப்படுவதில்லை. தற்செயல் எண்களை வைத்துக் கணக்கிடும் மான்டி கார்லோ முறை பல காந்த மாதிரிகளை ஆயிரக்கணக்கான ஸ்பின்களுக்கு அருமையாகக் கணக்கிட்டுத் தரும். ஒற்றை வரிசை ஸ்பின் சங்கிலிகளுக்கு, தேவையான எண்களை மட்டும் சுருக்கி வைத்துக்கொள்ளும் டென்சர் நெட்வொர்க் முறைகள் கிட்டத்தட்டச் சரியான விடையையே கொடுக்கும். கணினி உண்மையில் திணறுவது இரண்டு இடங்களில். ஒன்று, முக்கோணக் கட்டம் மாதிரி, எல்லா ஸ்பின்களையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாத அமைப்புகள். இன்னொன்று, திடீரென்று ஓர் அமைப்பைக் கலைத்துவிட்டு அது நீண்ட நேரத்தில் எங்கே போய் நிற்கிறது என்று கேட்கும் கேள்விகள். நேரம் ஆக ஆகக் குவாண்டம் பின்னல் (துகள்களின் நிலைகள் ஒன்றோடொன்று பிணைந்துபோவது) பெருகி எந்தச் சுருக்கு வழியும் அடைபட்டுப்போகிறது. குளிர் வாயுவுக்கு வேலை இருப்பதும் அந்த இரண்டு இடங்களில்தான்.

இனி இருமுனை வாயுவுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ளக் கடையில் கிடைக்கும் சின்னக் காம்பஸ்கள் பதினைந்து இருபது போதும். அவற்றை ஒரு மேஜையில் சதுரக் கட்டமாக நெருக்கி அடுக்கித் தட்டிவிடுங்கள். ஒரு வரிசையில் இருப்பவை தலையும் வாலுமாகக் கோத்துக்கொள்ளும், அடுத்த வரிசை எதிர்த்திசையில் கோத்துக்கொள்ளும். அதே காம்பஸ்களை முக்கோண அடுக்காக மாற்றி வையுங்கள். இப்போது பெரும்பாலானவை ஒரே பக்கம் திரும்பப் பார்க்கும், ஓரத்தில் இருப்பவை வளைந்து போகும். விசை மாறவில்லை, அடுக்கு மட்டும்தான் மாறியது. இருமுனை விசைக்கு இரண்டு குணங்கள் உண்டு: அது தொலைவின் கனத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது, எனவே பக்கத்து வீட்டோடு நின்றுவிடாமல் தெருக்கோடி வரை போகும். திசையைப் பொறுத்துக் குறியும் மாறும். தலை-வாலாக நின்றால் இழுக்கும், தோளோடு தோள் நின்றால் தள்ளும். நடுவில் 54.7 டிகிரியில் ஒன்றுமே இருக்காது.

1995-இல் முதல் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் (மிகக் குளிர்ந்த அணுக்கள் எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் கூடுவது) ரூபிடியத்தில் வந்தது, சில மாதங்களில் சோடியத்திலும். இவற்றுக்குக் காந்தத் திருப்புத்திறன் 1 போர் மேக்னட்டான்தான். இருமுனை ஆற்றல் அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. 2005-இல் ஸ்டுட்கார்ட்டில் குரோமியத்தைச் செறிபொருளாக்கினார்கள், 6 மேக்னட்டான், 36 மடங்கு. 2011-இல் அமெரிக்காவில் டிஸ்ப்ரோசியம், 10 மேக்னட்டான், 100 மடங்கு. 2012-இல் இன்ஸ்ப்ரூக்கில் எர்பியம், 7 மேக்னட்டான். இந்தத் துறையின் கதை இந்த மூன்று தனிமங்களைச் சுற்றியே ஓடுகிறது. மின் இருமுனை உள்ள மூலக்கூறுகள் இன்னும் வலிமையானவை. பொட்டாசியம்-ரூபிடியம் மூலக்கூறை 2008-இல் கொலராடோவில் குளிர வைத்தார்கள்.

ரூபிடியம், லித்தியம் மாதிரி அணுக்களிலும் ஸ்பின் மாதிரிகளைச் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். அங்கே வழி வேறு. அணு பக்கத்துக் குழிக்குத் தாவிவிட்டுத் திரும்பி வருவதுபோல ஒரு மறைமுகப் பரிமாற்றம் நடக்க வேண்டும், எனவே தாவ வாய்ப்பிருக்கும் அண்டை அணுக்கள் மட்டும்தான் ஒன்றையொன்று உணரும். இருமுனை அணுக்களை ஆழமான லேசர் கட்டத்தில் அசையாமல் பூட்டிவிட்டாலும் அவை தொலைவிலிருந்தே பேசிக்கொள்ளும். ஒன்று மேலிருந்து கீழே புரண்டால் இன்னொன்று கீழிருந்து மேலே புரளும். எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான்: அணு நகர வேண்டியதில்லை, ஸ்பின் மட்டும் நகர்கிறது.

எவ்வளவு வேகமாக? 1064 நானோமீட்டர் லேசரைக் கண்ணாடியில் திருப்பி அனுப்பி உண்டாக்கிய கட்டத்தில் இடைவெளி 532 நானோமீட்டர். அங்கே இரண்டு டிஸ்ப்ரோசியம் அணுக்களின் இருமுனை ஆற்றல் சுமார் 9 ஹெர்ட்ஸ் (ஆற்றலை அதற்கு ஈடான அதிர்வெண்ணாகச் சொல்வது எங்கள் வழக்கம்). வெப்பநிலையாகச் சொன்னால் அரை நானோகெல்வின்கூட இல்லை. இடைவெளியைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு, சுமார் 70 ஹெர்ட்ஸ். ஒரு டிபாய் (மின் இருமுனையின் அலகு) அளவு மின் இருமுனை உள்ள மூலக்கூறுக்கு அதே 532 நானோமீட்டரில் ஒரு கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு சந்தேகங்களைச் சொல்லும்போது இவைதான் காலை வாரும்.

ஆய்வகத்தில் இது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம். எல்லாம் சூட்டில் தொடங்குகிறது. எர்பியம் துண்டை ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சுடவைத்து ஆவியாக்கி ஒரு குழாய்க்குள் கற்றையாக விடுவோம். எதிரே 401 நானோமீட்டர் ஊதா லேசர் வந்து அணுக்களின் வேகத்தை அடக்கும். அந்த ஊதா கண்ணுக்கு மங்கல், அதனால் கற்றை எங்கே போகிறது என்று பார்க்க விசிட்டிங் கார்டைக் குறுக்கே பிடிப்போம். காகிதத்தில் இருக்கும் வெளுப்புச் சாயம் நீலமாக மின்னும். அப்புறம் 583 நானோமீட்டர் மஞ்சள் லேசர்கள் பிடித்துக்கொள்ளும். இந்த மஞ்சள் நிறமாலைக் கோடு மிகக் குறுகியது. ஒளியின் தள்ளுவிசை புவியீர்ப்போடு போட்டி போடும் அளவுக்கு மென்மையாக இருக்கும். எனவே அணுக்கூட்டம் நடுவில் மிதக்காமல் கிண்ணத்தின் அடியில் தேங்கியது மாதிரித் தொங்கும். ஜன்னல் வழியாக அதைப் பார்க்க முடியும். பிறகு அகச்சிவப்பு லேசர் பொறிக்கு மாற்றி, அதிகச் சூடான அணுக்களைத் தப்பவிட்டுத் தப்பவிட்டு நூறு நானோகெல்வின் பக்கம் இறக்குவோம். கட்டத்தை (லாட்டிஸ்) உண்டாக்கும் லேசர்களை மெல்ல ஏற்றி, ஸ்பின்களைத் திருப்பி, குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, காந்தப்புலச் சரிவில் விழவிட்டுப் படம் பிடிப்போம். எர்பியத்தின் போசான் ஐசோடோப்பில் (ஒரே குவாண்டம் நிலையில் பல அணுக்கள் சேரக்கூடிய வகை) பதின்மூன்று ஸ்பின் நிலைகள் வரிசையாகப் பிரிந்து வரும். படம் எடுத்ததும் அணுக்கள் போய்விடும். மறுபடி அடுப்பிலிருந்து. ஒரு சுற்றுக்குப் பத்திருபது விநாடி, ஒரு வரைபடத்தில் ஒரு புள்ளிக்குப் பல சுற்று.

காந்தப்புலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மலையில் புவிக்காந்தப்புலம் சுமார் 0.4 காஸ் (காந்தப்புலத்தின் அலகு), காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே போவதால் இங்கே அது ஏறக்குறையப் படுக்கையாகவே இருக்கும். அந்தச் சாதாரண 0.4 காஸிலேயே டிஸ்ப்ரோசியத்தின் அடுத்தடுத்த ஸ்பின் நிலைகளுக்கு இடையே சுமார் 7 லட்சம் ஹெர்ட்ஸ் வித்தியாசம் வந்துவிடும். நாம் பார்க்க விரும்பும் இடைவினை 70 ஹெர்ட்ஸ். பத்தாயிரம் மடங்கு சின்னது! பிறகு எப்படிப் பார்க்கிறார்கள்? புலம் எல்லா அணுக்களுக்கும் ஒரே அளவாக இருந்தால் அது கணக்கில் வராது. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றிக்கொள்ளும்போது மொத்தக் காந்த ஆற்றல் மாறுவதில்லை. மொத்தத்தை மாற்றும் நிகழ்வுகளைத்தான் புலம் தடுத்துவிடுகிறது. மிஞ்சுவது அழகான ஒரு ஹாமில்டோனியன்: புலத்தின் திசையில் உள்ள ஸ்பின் பகுதிகளின் பெருக்கலுக்கு ஒரு பங்கு, குறுக்குத் திசைகளுக்கு எதிர்க்குறியோடு அரைப் பங்கு, முன்னால் கோணத்தைப் பொறுத்த காரணி. எக்ஸ்எக்ஸ்இசட் மாதிரி என்று உங்கள் முதுகலைப் பாடத்தில் வரும். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக்காரர்கள் திடப்பொருளில் இதே சமன்பாட்டைப் பல பத்தாண்டுகளாகக் கையாளுகிறார்கள். குளிர் அணுவில் கூடுதல் வசதி, புலத்தின் திசையைத் திருப்பினாலே எந்த அண்டை அணுவோடு எந்தக் குறியில் இடைவினை என்பதை மாற்றிக்கொள்ளலாம்.

தொல்லை, புலம் இடத்துக்கு இடம் மாறும்போது வருகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகாஸ் என்ற சரிவு இருந்தால் போதும், ஐம்பது மைக்ரான் அகலமுள்ள அணுக்கூட்டத்தின் இரு ஓரங்களுக்கும் இடையே சுமார் 9 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வந்துவிடும். அது 532 நானோமீட்டரில் நாம் தேடும் இடைவினையின் அளவேதான். ஒரு ஸ்க்ரூடிரைவரை வெற்றிட அறைக்குப் பக்கத்தில் மறந்து வைத்தால் அன்றைய தரவு போச்சு.

இப்போது எதையெல்லாம் நிச்சயமாகச் சொல்லலாம் என்று பார்ப்போம். அசையாத துகள்கள் இருமுனை விசையால் ஸ்பின் பரிமாறிக்கொள்வது கண்ணால் பார்த்த மாதிரி நிரூபணமான விஷயம். 2013-இல் பாரிசுக்கு வடக்கே உள்ள குழு குரோமியத்திலும், கொலராடோ குழு பொட்டாசியம்-ரூபிடியம் மூலக்கூறிலும் இதைக் காட்டினார்கள். மூலக்கூறு சோதனையில் லாட்டிஸின் பெரும்பாலான குழிகள் காலியாக இருந்தன. அப்படியிருந்தும் இடைவினை தெரிந்தது, ஏனென்றால் இந்த விசை காலி வீடுகளைத் தாண்டிப் போகும். 2020-இல் இன்ஸ்ப்ரூக் குழு எர்பியத்தின் ஃபெர்மியான் ஐசோடோப்பில் (ஒரே நிலையில் இரண்டு அணுக்கள் சேராத வகை) லேசரையும் புலத்தையும் திருகி இந்தப் பரிமாற்றத்தை ஏற்றி இறக்கிக் காட்டியது. 2023-இல் ஹார்வர்டில் எர்பியம் அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் மைக்ராஸ்கோப் வழியாக, அணுக்கள் இருமுனை விசையால் கோடு கோடாக ஒழுங்கமைவதைப் படம் பிடித்தார்கள். அங்கே ‘மேல்-கீழ்’ என்பது குழி நிறைந்திருக்கிறதா, காலியா என்பது; கணிதத்தில் இரண்டும் ஒன்றுதான். அதே ஆண்டு பிரின்ஸ்டனில் சோடியம்-ரூபிடியம் மூலக்கூறுகளின் ஸ்பின் தொடர்புகளைக் குழி குழியாக அளந்தார்கள்.

இன்னொன்று, வாயு இல்லைதான், ஆனால் விட மனமில்லை. பாரிசுக்குத் தெற்கே பாலெசோவில் ரிட்பெர்க் நிலைக்கு (எலெக்ட்ரான் கருவிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் உயர் ஆற்றல் நிலை) ஏற்றிய ரூபிடியம் அணுக்களை ஒளிச் சாமணங்களால் பிடித்து, 100 அணு வரை சதுரமாக அடுக்கி, இதே எதிர்-கன விதிப்படி தளத்துக்குள் திரும்பும் ஸ்பின் மாதிரியைச் செய்தார்கள். அதுவும் 2023-இல் வெளிவந்தது. இரு பரிமாணத்தில் அண்டை அணுக்களோடு மட்டும் பேசும் இத்தகைய ஸ்பின்கள் சுழியமல்லாத எந்த வெப்பநிலையிலும் முழுமையாக ஒரே திசையில் ஒழுங்குபட முடியாது என்பது மெர்மின்-வாக்னர் தேற்றம். ஃபெரோகாந்த வகையில் அவர்கள் கண்டது நீண்ட தொலைவுக்கு நீளும் ஒழுங்கு. தேற்றம் பொய்யாகவில்லை, விசை தெருக்கோடி வரை போவதால் தேற்றத்தின் நிபந்தனையே பொருந்தாமல் போகிறது. அண்டை ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க விரும்பும் எதிர்ஃபெரோ வகையில் அந்த ஒழுங்கு வரவில்லை. ‘வேறொரு பொருளைப் பற்றி எப்படிப் பேச முடியும்’ என்ற உங்கள் வரிக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பேசியது ரூபிடியத்தைப் பற்றி அல்லவே, எதிர்-கன விதி உள்ள எந்த ஸ்பின் அடுக்குக்கும் பொருந்தும் ஒன்றைப் பற்றி.

சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். காந்த அணு வாயுக்களில் நடந்த ஸ்பின் சோதனைகளில் பெரும்பாலானவை சமநிலையில் இருக்கும் காந்தத்தைப் பற்றியவை இல்லை. எல்லா ஸ்பின்களையும் ஒரே திசையில் நிறுத்தி, சட்டென்று திருப்பிவிட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பவை. காரணம் மேலே சொன்ன எண்கள்தான். இடைவினை ஒன்றிரண்டு நானோகெல்வின் அளவு. ஸ்பின்கள் தாமாகக் குளிர்ந்து தாழ்ந்த ஆற்றல் நிலையில் போய் உட்கார வேண்டுமானால் அதற்கும் கீழே போக வேண்டும். மெதுவாகப் புலத்தை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்றால், 10 ஹெர்ட்ஸ் இடைவினைக்கு மெதுவாக என்பது பல விநாடி. அதற்குள் லேசர் ஒளி சிதறியும் அணுக்கள் மோதியும் அமைப்பு சூடாகிவிடும். எனவே இருமுனை வாயுவில் ஸ்பின் திரவம் (மிகக் குளிரிலும் ஸ்பின்கள் ஒழுங்குபடாமல் இருக்கும் நிலை) போன்ற நிலைகள் கிடைத்துவிட்டன என்று செய்தித்தாளில் யாராவது எழுதினால் ஒரு சிட்டிகை உப்போடு படியுங்கள். கோட்பாட்டில் கணிப்புகள் நிறைய இருக்கின்றன.

அடுத்த சந்தேகம் இன்னும் நெருடலானது. குரோமியம் லாட்டிஸில் ஆயிரக்கணக்கான ஸ்பின்-3 அணுக்களின் இயக்கத்தை, பாதிக் கிளாசிக்கல் முறை ஒன்று சாதாரணக் கணினியிலேயே நன்றாகப் பின்பற்றிவிட்டது. அப்படியானால் சோதனையால் என்ன லாபம்? என் பார்வையில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அந்தத் தோராய முறையை நம்பலாம் என்பதே சோதனை நடந்த பிறகுதான் தெரிந்தது, அது லாபம். ஆனால் ‘கணினியால் முடியாததைச் செய்தோம்’ என்ற பெருமைக்கு அது உதவாது. மொத்தக் காந்தமாக்கல் போன்ற சராசரி அளவுகளைத் தோராய முறைகள் எளிதில் பிடித்துவிடுகின்றன. இரண்டு குறிப்பிட்ட அணுக்களுக்கு இடையிலான தொடர்பைக் கேட்டால்தான் தடுமாறுகின்றன. மைக்ராஸ்கோப் வந்த பிறகு நடக்கும் வேலைகளை நான் அதிகம் நம்புவது அதனால்தான். சிறிய எண்ணிக்கையில் கணினியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, அதே கருவியில் அணுக்களைக் கூட்டிக்கொண்டே போவது: நம்பிக்கை வருவதற்கு இதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. அப்படிக் கூட்டும்போது பிழையும் சத்தமில்லாமல் கூடியிருக்கலாம் என்ற கேள்விக்கு இன்னும் முழுத் தீர்வு கிடையாது. இரண்டு வெவ்வேறு ஆய்வகங்கள், வெவ்வேறு அணுக்கள், ஒரே மாதிரி, ஒரே விடை என்று வந்தால் நிம்மதி. அது ஆங்காங்கே நடக்கத் தொடங்கியிருக்கிறது.

உறைபனிக் கேள்விக்குச் சுருக்கமாக. தலைக்குந்தா புல்வெளியில் உறைபனி படியும் காலை 273 கெல்வின் பக்கம். அணுக்கள் நூறு நானோகெல்வினில். இடையே 270 கோடி மடங்கு. சென்னை வெயிலில் தொடங்கினாலும் அவலாஞ்சியில் தொடங்கினாலும் அடுப்பு ஆயிரம் டிகிரிக்கு மேல்தான், எனவே ஊர்க்குளிரால் ஒரு பயனும் இல்லை. முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருப்பதற்குக் காரணம் உண்டு: மலைச்சரிவின் சாய்வு நம் அட்சரேகையான 11 டிகிரிக்கு ஒத்திருப்பதால், 530 மீட்டர் நீளமுள்ள கருவி பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருப்பதற்கு 2,200 மீட்டர் உயரம் காரணம். குளிர் அணுவுக்கு மலை இப்படி எதையும் தருவதில்லை. மாறாக மழைக்காலத்தில் ஜன்னல் வழியாக உள்ளே வரும் மூடுபனி, தண்ணீர் ஓடும் செப்புச் சுருளில் வியர்த்து நிற்கும். மின்வெட்டு வந்தால் வெற்றிடப் பம்புகளுக்கு முதலில் யுபிஎஸ் தேட வேண்டும். அறையின் வெப்பநிலையை அரை டிகிரிக்குள் நிறுத்தி வைப்பதும், நிலையான மின்சாரமும்தான் இந்த வேலைக்குச் சீதோஷ்ணம். நேரில் பார்க்க ஆசை என்றால் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் குளிர் அணு ஆய்வகங்கள் இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பைத்தானில் இரண்டு ஸ்பின்-அரை துகள்களுக்கு மேலே சொன்ன எக்ஸ்எக்ஸ்இசட் ஹாமில்டோனியனை 4-க்கு-4 அணியாக எழுதுங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தொடங்கி நேரத்தை ஓட்டினால் இரண்டும் இடம் மாற்றி மாற்றி ஊசலாடும். தொலைவை இரட்டிப்பாக்கினால் ஊசல் சரியாக எட்டு மடங்கு மெதுவாக வேண்டும், கோணத்தை 54.7 டிகிரிக்குக் கொண்டுபோனால் நின்றே போக வேண்டும். இரண்டில் ஒன்று தப்பினால் குறியையோ அரைப் பங்கையோ எங்கோ விட்டிருக்கிறீர்கள். சரியாக வந்ததும் நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று ஏற்றுங்கள். பன்னிரண்டில் அணி 4096-க்கு-4096, சாதாரண லேப்டாப் தாங்கும். பதினான்கில் அணிக்கு மட்டும் 2 ஜிகாபைட் போய்விடும். மொத்தக் காந்தமாக்கல் மாறாது என்பதைப் பயன்படுத்தி அணியைத் துண்டு துண்டாகப் பிரித்தால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம், சுழியங்களைச் சேமிக்காத அணி முறைக்கு மாறினால் இருபதைத் தொடலாம். நிரலில் எங்கே மாட்டிக்கொண்டாலும் அந்தப் பகுதியை இங்கே ஒட்டிக் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.